முப்பது ரூபாயின் கணக்கு: சரத்பாபு ஏழுமலையும் அவர் மேடையில் சொல்லும் கதையும்

சென்னை மடிப்பாக்கத்தின் குடிசைப் பகுதியில் பிறந்து, பிலானியிலும் அகமதாபாத்திலும் படித்து, 'ஃபுட்கிங்' என்னும் உணவு நிறுவனத்தைத் தொடங்கியவர் சரத்பாபு ஏழுமலை. கடந்த இருபது ஆண்டுகளில் இந்தியக் கல்லூரி மேடைகளில் மிகுதியாகக் கேட்கப்பட்ட வாழ்க்கைக் கதைகளுள் அவருடையதும் ஒன்று. அக்கதை எப்போதும் ஓர் எண்ணை ஒட்டியே நகரும்: மாதம் 30 ரூபாய். பத்தாம் வகுப்பு வரை படித்திருந்த அவருடைய அன்னைக்குத் தமிழக அரசின் மதிய உணவுத் திட்டத்தில் கிடைத்த ஊதியம் அது. வீட்டில் இரண்டு அக்காமார், இரண்டு தம்பியர், நடுவில் சரத்பாபு. பொருளீட்டுபவர் அன்னை ஒருவரே. நாளொன்றுக்கு ஒரு ரூபாய், உண்ண வேண்டிய வாய்கள் ஆறு.

இந்தக் கணக்கைக் கேட்டதும் அரங்கம் அமைதியாகிவிடுகிறது. அடுத்த சில நிமிடங்களில் இந்திய மேலாண்மைக் கழகமும் நாராயண மூர்த்தியும் கதைக்குள் வந்துவிடுகிறார்கள், கைதட்டல் எழுகிறது. முப்பது ரூபாய்க்கும் கைதட்டலுக்கும் இடையே நின்று தாங்கியவை எவை என்பதை அரங்கம் அவ்வளவாக விசாரிப்பதில்லை. விசாரித்தால் அது ஒரு தனிமனிதனின் மன உறுதியை மட்டும் பேசும் கதையாக எஞ்சாது.

அன்னை மூன்று வேலைகள் பார்த்தார். விடியலில் இட்லி வியாபாரம். பகலில் பள்ளிச் சத்துணவுக்கூடம். மாலையில் முதியோர் கல்வி வகுப்பில் ஆசிரியை. இவற்றில் இட்லி ஒன்றே அவருடைய சொந்த முயற்சி. மற்ற இரண்டும் அரசு உருவாக்கிய இடங்கள். 1956-இல் காமராசர் காலத்தில் பள்ளிகளில் வேரூன்றிய மதிய உணவு, 1982 ஜூலை 1 அன்று எம்.ஜி.ஆர். ஆட்சியில் சத்துணவுத் திட்டமாக விரிந்தபோது, பிள்ளைகளின் வயிற்றோடு இன்னொன்றையும் தொட்டது. எழுதப் படிக்கத் தெரிந்த, ஆனால் வேறு வேலைக்கு வழியில்லாத ஆயிரக்கணக்கான பெண்களுக்கு, அற்ப ஊதியத்துக்கேனும், பதிவேட்டில் பெயருள்ள ஒரு வேலையைத் தந்தது. 1978 அக்டோபர் 2 அன்று தொடங்கப்பட்ட தேசிய வயதுவந்தோர் கல்வித் திட்டமும் அத்தகையதே. பத்தாம் வகுப்புச் சான்றிதழ் அந்தப் பெண்மணிக்குப் பெரிய சம்பளத்தைப் பெற்றுத் தரவில்லை. ஆனால் பள்ளி என்னும் கட்டடத்துக்குள் நாள்தோறும் நுழையும் உரிமையைப் பெற்றுத் தந்தது. எந்தப் பிள்ளைக்கு எந்த உதவித்தொகை உண்டு, விண்ணப்பத்தை எந்த அலுவலகத்தில் கொடுப்பது என்பன போன்ற செய்திகள் அந்தக் கட்டடத்துக்குள்தான் காதில் விழும். பின்னாளில் மகனுக்கு அரசு உதவித்தொகை உண்டென்று சொன்னவர் அவரே.

இட்லி வியாபாரத்தின் உழைப்பை நகரத்து வாசகர் குறைத்து மதிப்பிடக்கூடும். முந்தைய பகலில் அரிசியும் உளுந்தும் ஊற வேண்டும். மாலையில் ஆட்டுக்கல்லில் அரைத்து முடிக்க வேண்டும். இரவெல்லாம் மாவு பொங்க வேண்டும். இருள் பிரியுமுன் அடுப்பு பற்ற வேண்டும். இத்தனைக்கும் பிறகு விற்காது எஞ்சிய இட்லிக்கு மறுநாள் விலை கிடையாது. பள்ளிக்குப் புறப்படுமுன் அந்த இட்லியை விற்று வந்த சிறுவன், நாள்படாத பண்டத்தை அன்றைக்கே காசாக்க வேண்டும் என்னும் வணிகப் பாடத்தை எழுத்துக் கூட்டும் பருவத்திலேயே பெற்றுவிட்டான். ஏழைப் பிள்ளைகள் தொழிலுக்கு வரும்போது உணவுத் துறையையே மிகுதியாக நாடுவதன் காரணமும் இதுவே: முதல் சிறியது, கையில் காசு புரள்வது அன்றாடம், கற்றுக்கொள்ளத் தனிப் பள்ளி வேண்டியதில்லை. தூத்துக்குடி மாவட்டத்து நாகலாபுரத்திலிருந்து 1990-இல் பம்பாய்க்குப் போய்ப் பாத்திரம் கழுவி, தள்ளுவண்டி போட்டு, பின்னர் 'தோசா பிளாசா' கிளைகளைக் கண்ட பிரேம் கணபதியின் வழியும் இதுதான்.

கோடை விடுமுறைகளில் சரத்பாபு புத்தகம் பைண்டிங் செய்தார். அச்சான பாரங்களை மடித்து, வரிசை சேர்த்து, நூலால் தைத்து, பசை தடவி, அட்டை ஒட்டி, விளிம்பு வெட்டும் இந்த வேலைக்குப் பருவம் உண்டு. பள்ளிகள் திறப்பதற்கு முந்தைய வாரங்களில்தான் அது குவியும். கூலி எண்ணிக்கைக் கணக்கில். சரத்பாபு தனியாக உட்கார்ந்து தைக்கவில்லை. அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் இருபது பேரளவில் சேர்த்துக்கொண்டு வேலையைப் பகிர்ந்தார். அவருடைய கதையில் மேடை மிக விரைவாகக் கடந்துவிடும் பகுதி இது; உண்மையில் அவர் முதன்முதலில் நடத்திய தொழில் இதுவே. ஆள் சேர்ப்பது, வேலையைப் பிரிப்பது, நாள் தவறாமல் ஒப்படைப்பது என, பின்னர் கல்லூரி உணவகங்களில் செய்ததெல்லாம் இங்கே சிறு அளவில் நடந்திருக்கிறது. குழந்தை உழைப்பை அழகுபடுத்துவது இதன் நோக்கமன்று. அந்தப் பிள்ளைகளில் எத்தனை பேர் மேற்கொண்டு படித்தார்கள் என்பதும் இக்கதையைக் கேட்பவர் மனத்தில் எழ வேண்டிய கேள்வியே.

பள்ளியில் அவர் தொடர்ந்து முதலிடம் பெற்றார். பன்னிரண்டாம் வகுப்பு முடிந்ததும் நண்பர் ஒருவர் வழியாகப் பிலானியின் பிர்லா தொழில்நுட்ப அறிவியல் கழகத்தைப் பற்றி அறிந்து விண்ணப்பித்தார். வேதிப்பொறியியலில் இடம் கிடைத்தது. இங்கே கல்வி ஆய்வாளர்கள் நின்று நோக்க வேண்டிய ஒரு நுட்பம் உண்டு. அன்றைய பிலானியில் தனி நுழைவுத் தேர்வு இல்லை. பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்களைப் பல்வேறு தேர்வு வாரியங்களுக்கு இடையே சமன்செய்து, அந்த அடிப்படையிலேயே மாணவரைச் சேர்த்தார்கள். 2005-இல்தான் 'பிட்சாட்' என்னும் கணினிவழி நுழைவுத் தேர்வு வந்தது. பயிற்சி மையத்துக்குக் கட்டப் பணமில்லாத ஒரு மாணவன், தன் பள்ளிப் பாடநூலை மட்டும் நன்றாகப் படித்தே நாட்டின் முன்னணிப் பொறியியல் கல்லூரி ஒன்றில் நுழைய முடிந்த கடைசி ஆண்டுகள் அவை. பத்தாண்டு கழித்துப் பிறந்திருந்தால் இதே அறிவும் இதே உழைப்பும் அவரை எங்கே கொண்டு சேர்த்திருக்கும்? தன்னம்பிக்கைப் பேச்சுகளில் இந்தக் கேள்விக்கு இடம் இருப்பதில்லை.

இடம் கிடைத்தது, கட்டணத்துக்கு வழியில்லை. அப்போதுதான் மணமாகியிருந்த அக்காவின் நகை அடகுக்குப் போனது. முதல் பருவம் அவ்வாறு கழிந்தது. அனுப்பிய விண்ணப்பங்களுள் சமூக நலத் துறைக்குப் போனது பலித்தது, உதவித்தொகை வந்தது. எஞ்சியதைக் கடன் தாங்கிற்று. நகை அடகு, உதவித்தொகை, கைமாற்று என்பது தமிழகத்தின் முதல் தலைமுறைப் பட்டதாரிகள் பலரும் அறிந்த வரிசை. இதில் அக்காவின் பங்கை யாரும் கணக்கெடுப்பதில்லை. புகுந்த வீட்டுக்குக் கொண்டுபோன நகையைத் தம்பியின் கட்டணத்துக்குக் கழற்றிக் கொடுப்பது ஒரு பெண்ணுக்கு எத்தகைய விளைவுகளைக் கொண்டுவரக்கூடும் என்பது நம் குடும்பங்களை அறிந்தவர்களுக்குத் தெரியும்.

படிப்பு முடிந்து சென்னையில் போலாரிஸ் மென்பொருள் நிறுவனத்தில் முப்பது மாதங்கள் பணியாற்றிக் கடன்களை அடைத்தார். இடையே மேலாண்மைக் கழகங்களுக்கான பொது நுழைவுத் தேர்வை எழுதினார். மூன்றாம் முயற்சியில் அன்று இருந்த ஆறு கழகங்களிலிருந்தும் நேர்காணலுக்கு அழைப்பு வந்தது. 2004-இல் அகமதாபாத்தில் சேர்ந்தார்.

மேடைப் பேச்சாளர் சரத்பாபுவின் உருவாக்கத்தைத் தேடுபவர்கள் அகமதாபாத் வகுப்பறையைப் பார்க்க வேண்டும். 1961-இல் நிறுவப்பட்ட அக்கழகம், ஹார்வர்டு வணிகப் பள்ளியின் துணையோடு 'கேஸ்' முறையைத் தன் பாடமுறையாக ஏற்றது. ஆசிரியர் விரிவுரை ஆற்றுவதில்லை. ஏதேனும் ஒரு நிறுவனத்தின் சிக்கல் முந்தைய நாளே கையில் தரப்படும். மறுநாள் வகுப்பில் மாணவர்கள் தம்முள் வாதிட வேண்டும். பேசினால் மதிப்பெண்; பேசாவிட்டால் இல்லை. தமிழகத்துப் பள்ளிகளில் அமைதியாக இருப்பது ஒழுக்கம் எனக் கற்றுவந்தவருக்கு இது தலைகீழான உலகம். ஆங்கிலவழியில் படித்தோம் என்று சொல்லிக்கொள்ளும் நம் மாணவர்களிலும் பலர் வகுப்பில் ஆங்கிலத்தில் வாய் திறந்திருக்க மாட்டார்கள். பாடநூல் ஆங்கிலத்திலும் உயிர் தமிழிலும் இருக்கும். அத்தகையவர் நாள்தோறும் நூறு கண்களுக்கு முன் கருத்துரைத்துப் பழகும்போது நா தயக்கம் இழக்கிறது. பேச்சாற்றல் பிறவிக் கொடை என்னும் நம்பிக்கை எத்தனை மாணவர்களைக் கடைசி இருக்கையிலேயே அமர்த்திவிடுகிறது என்பதை ஆசிரியர்கள் அறிவார்கள்.

2006-இல் பட்டம் பெற்றபோது வளாகத் தேர்வில் வந்த உயர் ஊதிய வேலையை ஏற்க மறுத்துத் தொழில் தொடங்கினார். இந்த மறுப்பே செய்தித்தாள்களை ஈர்த்தது. இட்லி விற்ற சிறுவன் அகமதாபாத்தில் படித்ததைக் காட்டிலும், படித்த பின் சம்பளத்தை வேண்டாமென்றதுதான் நடுத்தர வர்க்கத்தை வியக்க வைத்தது. வேலை என்பது அந்த வர்க்கத்தின் கண்ணில் கரை. கரையேறியவன் மீண்டும் நீரில் இறங்குவானா என்னும் திகைப்பு அது. ஒரு லட்சம் ரூபாய் முதலீட்டில் தொடங்கிய 'ஃபுட்கிங்'கை நாராயண மூர்த்தி திறந்துவைத்தார். ஆனால் திறப்பு விழாவின் ஒளி வியாபாரத்துக்கு உதவவில்லை. அகமதாபாத்தின் மென்பொருள் அலுவலகம் ஒன்றுக்குத் தேநீரும் காப்பியும் சிற்றுண்டியும் கொண்டுபோய்க் கொடுப்பதுதான் முதல் வேலை. தொடக்கம் நட்டத்தில் ஓடிற்று. கேட்டரிங் தொழிலில் சரக்குக்கு உடனே பணம் கொடுக்க வேண்டும். வாடிக்கை நிறுவனமோ மாதம் கழித்துத்தான் பணம் தரும். இடைவெளியைத் தாங்கக் கைம்முதல் வேண்டும். சமையலாள் ஒருநாள் வராவிட்டால் அன்றைய ஒப்பந்தம் ஆட்டம் காணும். மேலாண்மைப் பட்டம் இதில் எதையும் மாற்றிவிடவில்லை. பிலானி வளாகத்தில் உணவகம் நடத்தும் வாய்ப்பு வந்த பிறகே தொழில் நிலைகொண்டது. பின்னர் கோவா, ஐதராபாத், சென்னை எனக் கல்வி வளாகங்கள் வழியே விரிந்தது. கல்லூரி வளாகம் நிச்சயமான பசியுள்ள இடம். மாணவர் எண்ணிக்கை முன்கூட்டித் தெரியும். வாடகையும் விளம்பரமும் குறைவு. தான் படித்த இடமே முதல் நிலையான வாடிக்கையாக அமைந்தது தற்செயல் அன்று. நிறுவனங்கள் பழைய மாணவர்க்குத் தரும் நம்பிக்கையும் ஒருவகை முதலே. குடிசைப் பகுதியில் பிறந்தவர்க்கு அந்த முதல் வாய்ப்பது அரிது என்பதுதான் செய்தி.

தொழில் வளர வளர அழைப்புகளும் பெருகின. கல்லூரி விழாக்கள், தொழில்முனைவோர் கூட்டங்கள், பள்ளி ஆண்டு விழாக்கள். தமிழ் மேடைக்கு நீண்ட மரபு உண்டு. பெர்னார்ட் பேட் 2009-இல் வெளியிட்ட தமிழ் மேடைப்பேச்சும் திராவிட அழகியலும் பற்றிய ஆங்கில நூல், மதுரை மேடைகளைக் கூர்ந்து கவனித்து, செந்தமிழ்ப் பேச்சு நவீன அரசியலின் அழகியலாக ஆன விதத்தை விளக்கியது. அந்த மேடையில் பேச்சாளர் தம்மைப் பற்றிப் பேசுவது குறைவு. தலைவரைப் பாடுவார், மொழியைப் பாடுவார், இனத்தை விளிப்பார். சரத்பாபு நின்ற மேடை வேறு. அங்கே அடுக்குமொழி இல்லை. பேசுபவரின் வாழ்க்கையே சான்று. எளிய சொற்களில், பெரும்பாலும் ஆங்கிலத்தில், 'நான்' என்று தொடங்கும் வாக்கியங்களில் நகரும் பேச்சு அது. இந்த வகைப் பேச்சு தமிழகத்துக்குப் புதிது, தாராளமயத்துக்குப் பிந்தையது. இதன் வலிமை நம்பகத்தன்மையில் இருக்கிறது. இதன் இடரும் அங்கேயே இருக்கிறது. ஒரே கதையை நூறு முறை சொல்லும்போது கதை கூர்மையடைகிறது. கூர்மையாகச் சீவப்பட்டதில் அடகுக்கடையும் விண்ணப்பப் படிவமும் சமன்செய்த மதிப்பெண்ணும் உதிர்ந்துவிடுகின்றன. அது பேசுபவரின் குற்றமன்று. இருபது நிமிடம் தரும் அமைப்பாளர்களுக்கு நாயகன்தான் வேண்டும்.

ஏழ்மையிலிருந்து வணிகத்தில் உயர்ந்தவர் அதன் பிறகு சமூகத்தோடு எவ்வாறு உறவு கொள்கிறார் என்பது காலத்துக்குக் காலம் மாறியிருக்கிறது. பெங்களூரு சிவாஜிநகர் இதற்கு ஒரு பழைய சான்றை வைத்திருக்கிறது. அன்று பிளாக்பள்ளி என வழங்கிய அப்பகுதியும் அதை அடுத்த அல்சூரும் கன்டோன்மென்ட்டின் தமிழ் முகங்கள். 1809-இல் பாளையம் அமைந்தபின் வட ஆர்க்காட்டுப் பக்கத்திலிருந்து வந்த தொழிலாளர்களும் வணிகர்களும் நிறைந்த இடங்கள். அந்த உலகில் வளர்ந்தவர் ஆர்க்காடு நாராயணசாமி முதலியார் (1827–1910). எளிய குடும்பத்தில் பிறந்து, வணிகத்திலும் கட்டட ஒப்பந்தத்திலும் செல்வம் சேர்த்தார். இன்று கர்நாடக உயர் நீதிமன்றம் இயங்கும் அட்டாரா கச்சேரி 1864-க்கும் 1868-க்கும் இடையே அவர் ஒப்பந்தத்தில் எழுந்தது. 1873-இல் அவர் பிள்ளைகளுக்கென ஒரு பள்ளியைத் தொடங்கினார்; அதன் வழிவந்த ஆர்.பி.ஏ.என்.எம். கல்வி நிறுவனங்கள் இன்றும் இயங்குகின்றன. சிவாஜிநகர்ப் பேருந்து நிலையத்திலிருந்து நடந்தே போய்விடலாம். பள்ளியாகவும் அறக்கட்டளையாகவும் நின்றதே முதலியாருக்கு அடையாளம். அவருடைய இளமை வறுமை ஓரிரு வரியில் கூறப்படும் குறிப்பு மட்டுமே. சரத்பாபுவின் காலத்தில் இது தலைகீழாகிவிட்டது. வறுமையே முதன்மைச் செய்தி. மற்றவை அதன் பின்னொட்டு. 2010-இல் பசியில்லா இந்தியாவுக்கென அவர் ஓர் அமைப்பைத் தொடங்கினார் என்பதைவிட, அவர் இட்லி விற்றார் என்பதையே அதிகம் பேர் அறிவார்கள்.

மேடைப் புகழ் வாக்காக மாறுமா என்பதை அவர் சோதித்தும் பார்த்தார். 2009 மக்களவைத் தேர்தலில் தென்சென்னையில் சுயேச்சையாக நின்றார். அ.தி.மு.க.வின் சி.இராஜேந்திரன் மூன்று லட்சத்துக்கு மேற்பட்ட வாக்குகளோடு வென்ற தொகுதியில் சரத்பாபுவுக்குக் கிடைத்தவை ஏறத்தாழ 15,000. கட்சியும் சாதிக் கணக்கும் பணமும் இல்லாத ஒருவருக்கு அது சிறிய எண்ணன்று. ஆயினும் வைப்புத்தொகையைத் திரும்பப் பெறத் தேவையான ஆறிலொரு பங்குக்கு வெகு தொலைவு. 2011-இல் வேளச்சேரி சட்டமன்றத் தொகுதியிலும், அதே ஆண்டில் சென்னை மேயர் பதவிக்கும் நின்றார். 2021-இல் மக்கள் நீதி மய்யத்தின் வேட்பாளராக ஆலந்தூரில் நின்றார், தி.மு.க.வின் தா.மோ.அன்பரசன் வென்றார். கல்லூரி அரங்கத்தில் கண்கலங்கியவர்களும் தென்சென்னையின் வாக்காளர்களும் ஒரே மக்கள் அல்லர் என்பது இதற்கு ஒரு விளக்கம். இன்னொன்றும் உண்டு. குடிசைப் பகுதி வாக்காளருக்கு அவருடைய கதை புதிதன்று. அது அண்டை வீட்டின் கதை, தன் வீட்டின் கதை. அதைக் கேட்டு வியப்பதற்கு முப்பது ரூபாயில் ஆறு பேர் உண்டதில்லை என்னும் தகுதி வேண்டும்.

எனினும் அந்தத் தேர்தல் முயற்சிகளை வெறும் தோல்வி எனத் தள்ளுவது நேர்மையாகாது. வணிகத்தில் வென்ற பின் அமைதியாக அமர்ந்திருக்க வாய்ப்பிருந்தும், தம் பேச்சுக்கு மறுமொழி சொல்லும் உரிமையுள்ள மக்கள் முன் அவர் மீண்டும் மீண்டும் நின்றார். கைதட்டும் அரங்கத்தைவிட வாக்களிக்கும் தெரு கடினமான வகுப்பறை.

மடிப்பாக்கம் 2011-இல் சென்னை மாநகராட்சியோடு இணைந்தது. ஏரியையும் சதுப்பையும் ஒட்டிக் கிடந்த ஊர் இன்று அடுக்ககங்களின் ஊர். 2022 செப்டம்பர் 15 முதல் தமிழக அரசுப் பள்ளிகளில் காலை உணவுத் திட்டமும் நடக்கிறது. பெரும்பாலும் மகளிர் சுய உதவிக் குழுக்களைச் சேர்ந்த பெண்களே விடியலில் அடுப்பு மூட்டுகிறார்கள். சத்துணவுக்கூடங்களின் அமைப்பாளர்களும் சமையலர்களும் உதவியாளர்களும் காலமுறை ஊதியம் கேட்டு ஆண்டுக்கணக்கில் போராடி வருகிறார்கள். அவர்களுடைய பிள்ளைகள் இப்போது எந்த வகுப்பில் படிக்கிறார்கள், பன்னிரண்டாம் வகுப்புக்குப் பின் அவர்களுக்கு எந்த நுழைவுத் தேர்வு காத்திருக்கிறது என்பதை ஆராய்வதற்குத் தமிழகத்தின் சமூக அறிவியல் துறைகளில் ஆட்கள் போதவில்லை.